தட்டைத் தலைக்குக் கொடுத்த படகு

இந்தத் தவக்காலத்துக்கு ஜம்பம் அடிப்பதை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

நானாகச் செய்யவில்லை. எங்கள் வீட்டில் முடிவுகளை யூலாலி எடுப்பாள், நான் அறிவிப்பேன். சாம்பல் புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பியதும், வழக்கம்போல் நாற்பது நாளைக்கு பீரை விடப்போகிறேன் என்றேன்.

"நாலு வருஷமா நீ பீரை விடுற, ஆல்சே. அது உன்னை விட்டபாடில்ல. இந்த வருஷம் ஜம்பத்தை விடு."

"நான் எப்ப ஜம்பம் அடிச்சேன்?"

"நேத்து. மீன்கடையில. ஒரு கெளுத்தி இழுத்த இழுப்புல படகு மூணு மைல் பின்னாடியே போச்சுன்னு சொன்ன."

"மூணு இல்ல. ரெண்டு."

"பாத்தியா?"

நான் முப்பது வருஷம் பாலம் தூக்கியவன். எங்கள் ஊர்ச் சதுப்பு ஆறான பாயூவில் கப்பல் வந்தால் பொத்தானை அமுக்குவேன். நானூறு டன் இரும்பு மரியாதையாக எழுந்து நிற்கும். வீட்டில் பொத்தான் யூலாலியிடம் இருக்கிறது. எழுந்து நிற்பவன் நான்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இரண்டே வேலை. சனிக்கிழமை படகு. மற்ற ஆறு நாளும் போன்சாய். படகு என்றால் தட்டை அடியுள்ள தகரப் படகு. அதில் ஒரு ஓட்டை உண்டு. எங்கே இருக்கிறது என்று இருபது வருஷமாக எனக்கும் தெரியாது, படகுக்கும் தெரியாது. ஒரு கையில் தூண்டில், மறு கையில் காபி டின். மீனைப் பிடித்ததைவிடத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றியதே அதிகம். தூண்டிலுக்கு ஈயக் குண்டுகளையும் நானே வார்ப்பேன். என் அச்சு கொஞ்சம் கோணல். அதனால் குண்டுக்கு ஒரு பக்கம் என் மூக்கைப் போலவே சப்பையாக இருக்கும். வருஷத்துக்கு மூன்று டஜன் வார்த்தால் இரண்டு டஜன் மாயமாகிவிடும். மீன்கள் திருடுகின்றன என்று ஊரெல்லாம் சொல்லி வந்தேன்.

போன்சாயிலும் நான் சாதாரண ஆள் இல்லை. எனக்கு வேண்டியது தட்டைத் தலை. சதுப்பில் நிற்கும் கிழட்டுச் சைப்ரஸ் ஒரு வயசுக்கு மேல் 'உசந்தது போதும்' என்று நின்றுவிடும். பிறகு வளர்வதெல்லாம் பக்கவாட்டில்தான். உச்சியில் சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சரியாது. அதே மரம், அதே தோரணை, ஆனால் இரண்டடி உயரத்தில், ஒரு தாம்பாளத்துக்குள். இதுதான் என் கனவு. கனவு ஏழு முறை செத்துவிட்டது. ஏழு பிணங்களும் பின் வராந்தாவில் ஏழு தொட்டிகளில் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தன. எட்டாவதுக்குத் தொட்டி கிடைக்கவில்லை. அதை, கொடுக்குள்ள சதுப்பு இறாலான கிராஃபிஷை யூலாலி வேகவைக்கும் அண்டாவில் நிறுத்தியிருந்தேன்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

"பெரிய வெள்ளிக்கு இருபத்தாறு பேர் சாப்பிட வர்றாங்க. கிராஃபிஷ் மூட்டை வந்து இறங்கும். அண்டாவுல மரம் நிக்குது. அவங்களுக்கு என்ன, மரத்தை வேக வச்சுப் போடவா?"

"அது மரம் இல்ல. வருங்காலத் தட்டைத் தலை."

"வருங்காலம் எப்ப வரும்?"

"குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள். அன்னிக்குத்தான் போன்சாய்ச் சங்கத்துக் கண்காட்சி. இந்த வருஷம் முதல் பரிசு நீல நாடா எனக்குத்தான்."

"ஜம்பத்தை விட்டாச்சுன்னு சொன்ன."

"இது ஜம்பம் இல்ல. முன்னறிவிப்பு."

யூலாலி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "சரி ஷா, ஒரு ஒப்பந்தம்" என்றாள். மற்ற வீடுகளில் 'ஷா' என்றால் செல்லம். எங்கள் வீட்டில் அதைக் கேட்டால் நான் வாசல் பக்கம் பார்ப்பேன்.

"நாடா வாங்கிட்டு வா. உன் தொட்டிங்க ஆயுசுக்கும் வராந்தாவுல இருக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன். வாங்கலைன்னா, ஏழும் பாயூவுக்குள்ள போகும். நீயே தூக்கிப் போடணும்."

உடனே ஒப்புக்கொண்டேன். அவளும் உடனே ஒப்புக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷ அனுபவத்தில் இந்த இரண்டாவது விஷயம் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மறுநாளே வேலையில் இறங்கினேன். உச்சியை வெட்டினேன். கிளைகளுக்குக் கம்பி சுற்றினேன். மரத்தைப் பார்த்துக் கண்டிப்பாக, "இதுக்கு மேல போகக் கூடாது" என்றேன். நான் சொன்னதைக் கேட்கிற ஜீவன் ஒன்றாவது வீட்டில் இருக்கட்டுமே என்ற ஆசை.

மரம் யூலாலியின் பக்கம் சேர்ந்துகொண்டது. வெட்டின இடத்தில் எட்டுத் துளிர் வந்தது. எட்டும் வானத்தைப் பார்த்தே போயின. நான் ஒன்றை இழுத்துக் கட்டினால் இன்னொன்று நிமிர்ந்து நின்றது. மூன்றாவது வாரம், பெரிய கிளையைக் கொஞ்சம் கூடவே வளைத்தேன்.

டப்.

சமையலறை ஜன்னல் திறந்தது. "என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. கிளைக்குச் சொடக்கு எடுத்தேன்."

வெளியே வந்து பார்த்தாள். ஒரு பக்கம் மொட்டை, மறு பக்கம் சிலிர்ப்பு. "தட்டைத் தலைன்னு சொன்ன. தூங்கி எந்திரிச்ச தலை மாதிரி இருக்கு. உன் தலையைப் பாத்து வளருதோ என்னவோ."

அவள் உள்ளே போனதும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை எழுந்தது. அது ஓவிட். பக்கத்து வீட்டுக்காரன். வேலிக்குப் பின்னால் எப்போதும் இருப்பான். தேவைப்பட்டபோது மட்டும் தெரிவான்.

"கிளை போச்சா, ஆல்சே?"

"போகலை. ஓய்வு எடுக்குது."

"தட்டைத் தலை வர்றதுக்குப் பத்து வருஷம் ஆகும். உனக்கு இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு." அவன் குரலைத் தாழ்த்தினான். "என் கொட்டகைக்குப் பின்னாடி ஒண்ணு நிக்குது. பாக்குறியா?"

போய்ப் பார்த்தேன். பார்த்ததும் தொப்பியைக் கழற்றினேன். கோயிலுக்கு வெளியே நான் தொப்பி கழற்றியது அதுதான் முதல் தடவை.

இரண்டடி மரம். அடியில் பருத்து, மேலே போகப் போக மெலிந்து, உச்சியில் கைகளை விரித்ததுபோல் நாலு பக்கமும் கிளை. இளம்பச்சை இலை அப்போதுதான் விட்டிருந்தது. தலையோ, வீட்டுத் தரைகூட அவ்வளவு மட்டமாக இருக்காது.

"ஓவிட், இதை நீயா வளத்த?"

"ஒருத்தங்க வளத்தாங்க. இங்க நிக்குது."

"எனக்குக் குடு."

"குடுக்கலாம். படகைக் குடு."

"எந்தப் படகு?"

"உன்கிட்ட எத்தனை கப்பல் இருக்கு? அந்த ஓட்டைதான். இழுக்கிற வண்டியோட."

"உனக்குத் தண்ணின்னாலே பயமாச்சே! குளிக்கவே யோசிப்ப. படகை வச்சு என்ன செய்வ?"

"மனுஷனுக்கு எந்த வயசுலயும் ஆசை வரலாம்" என்றான் ஓவிட், முகத்தில் ஒரு ஆசையும் இல்லாமல்.

இரண்டு நாள் யோசித்தேன். ஒரு பக்கம் இருபது வருஷப் படகு. மறு பக்கம் நீல நாடா, ஏழு தொட்டி, யூலாலி வாயே திறக்காத ஆயுள். கடைசியில் சொன்னதுதான் தராசைச் சாய்த்தது. தட்டை அடியைக் கொடுத்துத் தட்டைத் தலையை வாங்கினேன்.

யூலாலியிடம், "படகை ஓட்டை அடைக்கக் கொடுத்திருக்கேன்" என்றேன்.

"இருபது வருஷம் கழிச்சா? நல்லது" என்று வெங்காயத்தை நறுக்கினாள். அவ்வளவுதான். எங்கே, யாரிடம் என்று ஒரு கேள்விகூட இல்லை. என் பொய்த் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஓவிட் மரத்தைக் கள்ளத்தனமாக வேலி வழியாகக் கொடுத்தான். என்னுடைய எட்டாவது மரத்தை இரகசியமாகப் பாயூ கரையில் நட்டுவிட்டு, புதுசை வராந்தா மேஜையில் வைத்து, பழைய போர்வையால் மூடினேன். பிறகு யூலாலியைக் கூப்பிட்டு, மந்திரவாதியைப்போல் போர்வையை உருவினேன்.

"ஒரு வாரம் கொட்டகைக்குள்ள உட்காந்து உழைச்சேன். பார்!"

அவள் மரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் மரத்தைப் பார்த்தாள். "ஒரே வாரத்துல மரத்துக்கு இவ்வளவு புத்தி வந்துடுச்சு. உனக்கு முப்பத்தெட்டு வருஷமா வரலையே."

"கைப்பக்குவம்."

"இருக்கும் இருக்கும்." போகிற போக்கில் மரத்தின் ஓரத்தில் ஒரு துளிரைக் கிள்ளிப் போட்டாள். தாம்பாளத்தைக் கால் வட்டம் திருப்பினாள். "இந்தப் பக்கம்தான் முகம்."

"உனக்கென்ன தெரியும்? நான் வச்சதுதான் முகம்" என்று பழையபடி திருப்பி வைத்தேன். அவள் போனதும் எட்ட நின்று பார்த்தேன். அவள் சொன்னதுதான் முகம். சத்தம் போடாமல் மறுபடியும் திருப்பினேன்.

கண்காட்சி எங்கள் கோயில் மண்டபத்தில் நடந்தது. ஒரு பக்கம் கெளுத்தி பொரிகிற வாசனை, மறு பக்கம் இருபது மரங்கள். தீர்ப்பு சொல்ல வந்தவர் மிஸ் வில்மா; எழுபது வயசு; பூதக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மற்ற மரங்களை நடந்துகொண்டே பார்த்தவர், என் மரத்தின் முன் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். கூட்டம் கூடிவிட்டது.

"மிஸ்டர் ஆல்சே, இது எத்தனை வருஷ உழைப்பு?"

உண்மையான உழைப்பு வேலியிலிருந்து வராந்தாவுக்குத் தூக்கி வந்த இரண்டு நிமிஷம். "அதை மரம்தான் சொல்லணும்" என்றேன்.

"இந்தக் கிளையை எப்படி இறக்கினீங்க?"

"கம்பிதான். நல்ல தடிமனா. இறுக்கி."

பூதக்கண்ணாடி கிளைமேல் ஊர்ந்தது. "கம்பித் தழும்பே இல்லையே. சைப்ரஸ் சீக்கிரம் பருக்கும். கம்பி கட்டினா தழும்பு விழாம இருக்காது."

"நான்... மெதுவா இறுக்கினேன்."

"மெதுவா இறுக்கினாலும் விழும்."

என் காதிலிருந்து வியர்வை வழிந்தது. எனக்குக் காதில் வியர்க்கும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏழு தொட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாயூவில் விழுகிற சத்தம் கேட்டது. அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்.

"கம்பி மத்த மரத்துக்கு, மிஸ் வில்மா. இதுக்கு அவர் குண்டுதானே கட்டினார்? மறந்துட்டார் பாவம்."

யூலாலி! கையில் பொரித்த கெளுத்தி வைத்த ரொட்டியோடு நின்றாள். என்னை 'அவர்' என்றாள். கல்யாணத்தன்று பாதிரியார் முன்னால் சொன்னதோடு சரி.

"குண்டா?" என்றார் மிஸ் வில்மா.

"தூண்டில் குண்டு. கிளை நுனியில தொங்க விட்டா தானா இறங்கும். கிளை நீள நீள, குண்டைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய நகர்த்தணும். மேல போறதைக் கிள்ளணும், பக்கத்துல போறதை விடணும். அப்படித்தானே, ஆல்சே?"

"அப்படியேதான்!" என்று கத்தினேன்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. ஐந்து வாரம் அடக்கி வைத்த ஜம்பம், அணை உடைந்த மாதிரி வந்தது. மரத்தோடு மல்லுக்கட்டக் கூடாது, தூண்டில் போட வேண்டும் என்றேன். மரத்துக்குத் தலைக்கனம் கூடாது, கிளைக்குத்தான் கனம் வேண்டும் என்றேன். ஒவ்வொரு குண்டும் என் கையால் வார்த்தது என்றேன். பத்து நிமிஷம் பேசினேன். இரண்டு பேர் குறிப்பெடுத்தார்கள். யூலாலி மட்டும் ரொட்டியைச் சாப்பிட்டு முடித்து விரலைத் துடைத்துக்கொண்டாள்.

மிஸ் வில்மா மரத்தடியில் படர்ந்திருந்த பாசியை விரலால் நெருடினார். எதையோ எடுத்தார். "ஆமா, ஒண்ணு இங்கேயே கிடக்கே" என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

ஈயக் குண்டு. ஒரு பக்கம் சப்பை.

என் மூக்கு.

நீல நாடாவை மரத்தில் கட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பும்போது வண்டியை யூலாலி ஓட்டினாள். மரத்தை நான் மடியில் வைத்திருந்தேன். பாலம் வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"யூலாலி. என் குண்டு எப்படி அதுல வந்துச்சு?"

"நீதானே கட்டின? இப்பத்தானே மண்டபத்துல சொன்ன."

"யூலாலி."

"என் மரம் அது, ஷா. ஓவிட் கொட்டகைக்குப் பின்னாடி மொத்தம் பதினொண்ணு நிக்குது. பன்னிரண்டு வருஷமா வளக்கிறேன். நீ படகுல போற சனிக்கிழமையெல்லாம் நான் அங்க போயிடுவேன்."

"என்கிட்ட ஏன் மறைச்ச?"

"உன் கண்ணுல பட்டா கம்பி கட்டுவியே!"

ஏழு சாட்சிகள் வராந்தாவில் நிற்கின்றன.

"அப்ப என் படகு?"

"மரம் என்னோடது. அப்ப மரத்துக்கு வாங்கின படகு யாரோடது?"

"அது உனக்கு எதுக்கு?"

வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். பிறகு, கிண்டல் இல்லாத குரலில் சொன்னாள். "போன டிசம்பர்ல மூடுபனி இறங்கி நீ ராத்திரி வரைக்கும் வரலை. ஞாபகம் இருக்கா? இருபது வருஷமா நீ அந்த ஓட்டையில போற ஒவ்வொரு தடவையும் நான் ஜெபமாலை உருட்டுறேன். அந்தப் படகை விடுன்னு சொன்னா நீ விடுவியா? கேட்டா ஜம்பம் அடிப்ப. அதான் ஓவிட்டை விட்டுக் கேக்கச் சொல்லி, நீயா விடுற மாதிரி செஞ்சேன்."

எனக்கு முகம் சுட்டது. கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் அந்த டிசம்பரில் வாசல் விளக்கடியில் அவள் நின்ற நிலை ஞாபகம் வந்தது. அன்றைக்கு வீட்டுக்குள் வந்ததும் நான் அவளிடம் சொன்னது மீனின் நீளம்.

"மேல போறதைக் கிள்ளணும், பக்கத்துல போறதை விடணும்" என்றாள், மறுபடியும் பழைய குரலில். "மரமோ புருஷனோ, வைத்தியம் ஒண்ணுதான்."

திங்கட்கிழமை காலை படகு வீட்டுக்கே திரும்பி வந்தது. ஓவிட் இழுத்து வந்தான். இருந்த இடத்திலேயே நிறுத்தினான். உள்ளே பத்துத் தட்டைத் தலைகள், குட்டிச் சதுப்பாக வரிசையில் நின்றன. பதினொன்றாவதை நாடாவோடு நான் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். அவள் அதைக் கால் வட்டம் திருப்பினாள்.

"சைப்ரஸுக்குக் கால் நனைஞ்சே இருக்கணும். இதைவிட நல்ல தொட்டி ஊர்ல கிடையாது" என்றாள். "உன் தொட்டிங்க வராந்தாவுலயே இருக்கட்டும். சொன்ன வாக்கு வாக்குதான்."

"படகுல ஓட்டை இருக்கே. தண்ணி நிக்காதே."

"ஓட்டை வேணும். தண்ணி தேங்கினா நாறிடும்."

பெரிய வெள்ளியன்று இருபத்தாறு பேரும் வந்தார்கள். அண்டாவை மூன்று தடவை தேய்த்துக் கொடுத்திருந்தேன். கிராஃபிஷைத் தின்றுகொண்டே எல்லோரும் நீல நாடாவைப் பார்த்தார்கள். "எல்லாம் ஆல்சே வளத்தது" என்றாள் யூலாலி. உண்மையை யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதுதான் மோசம். சொல்லியிருந்தால் ஒரே நாளில் சிரித்து முடித்திருப்பார்கள். சொல்லாததால் நான் ஆயுசுக்கும் நல்லவனாக இருக்க வேண்டும். சங்கத்தில் வேறு, மே மாதம் என்னைக் குண்டு வைத்தியம் பற்றி வகுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் சமையலறையில் யூலாலி எனக்குப் பாடம் நடத்துகிறாள். நேற்று வீட்டுப்பாடம் கொடுத்தாள்.

சனிக்கிழமைகளில் இப்போது நான் எங்கும் போவதில்லை. ஆனால் அதிகாலையில் எழுந்து, பழைய காபி டின்னை எடுத்துக்கொண்டு, நேராகப் படகுக்குத்தான் போகிறேன். இருபது வருஷம் அதிலிருந்து தண்ணீரை வெளியே மொண்டு ஊற்றினேன். இப்போது உள்ளே மொண்டு ஊற்றுகிறேன்.